வேல்ஸ் அரசர்களின் கொடிவழியைப் படிக்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ரோமப் படைகள் பிரிட்டனை விட்டு அகன்ற 5ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல், நார்மானியர் 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எல்லை கடந்து வரும் வரை, இன்று வேல்ஸ் என்று நாம் அழைக்கும் நிலப்பகுதியைப் பல சிற்றரசுகள் ஆண்டன. அந்த அரசர்களைப் பற்றி அறிய விரும்பி உள்ளே வருபவர் முதலில் எதிர்கொள்வது நீண்ட கொடிவழிப் பட்டியல்களைத்தான். இன்னாரின் மகன் இன்னார் என்று இருபது, முப்பது தலைமுறை பின்னோக்கிச் செல்லும் அப்பட்டியல்கள் ரோமப் பேரரசர்களிடமும், சில வேளைகளில் கன்னி மரியாளின் உறவினரிடமும் போய் நிற்கின்றன. இணையத்தில் உலவும் குடும்ப மரங்கள் இவற்றை அப்படியே எடுத்து வரைந்து விடுவதால், புதிதாக வருபவர் உச்சியில் இருக்கும் மூதாதையிலிருந்து கீழ்நோக்கிப் படிக்கத் தொடங்குகிறார்; எது சான்று, எது உரிமைக்கோரல் என்று பிரித்தறிய முடியாமல் விரைவில் களைத்தும் போகிறார்.

நான் பரிந்துரைக்கும் முறை இதற்கு நேர் எதிரானது. பட்டியல் எழுதப்பட்ட நாளில் உயிரோடிருந்த அரசன் யார் என்று முதலில் கண்டறிய வேண்டும். அவனிடமிருந்து ஒவ்வொரு படியாகப் பின்னோக்கி நடக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் இந்த முன்னோரால் அவனுக்கு என்ன பயன் என்று கேட்க வேண்டும். கொடிவழிகள் பொழுதுபோக்குக்காக எழுதப்பட்டவை அல்ல. ஆட்சி உரிமையை நிலைநாட்டுவதற்காக அவை எழுதப்பட்டன. இதை மனத்தில் இருத்திக்கொண்டால், பொய்யான படிகள்கூட வரலாற்றுக்கு உதவும் செய்தியாக மாறிவிடும்.

முதல் படி: வரைபடமும் மூன்று வண்ணங்களும்

பெயர்களைத் தொடுவதற்கு முன் அரசுகளின் இடங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். வடமேற்கில் ஆங்கிள்சி தீவும் அதை ஒட்டிய மலைநாடும் சேர்ந்தது குவினெத். கிழக்கில் ஆங்கிலேயரின் மெர்சியாவை ஒட்டிக் கிடந்தது பொவிஸ். தென்மேற்கு முனை டவெட். மேற்குக் கடற்கரையில் கெரெடிகியோன். அதற்குத் தெற்கே அஸ்ட்ராட் டவி. கடைசி இரண்டும் இணைந்தபோது செய்சில்லுக் என்றும், அதனோடு டவெட்டும் சேர்ந்தபோது டெஹைபார்த் என்றும் பெயர் பெற்றன. தென்கிழக்கில் குவென்ட்டும் க்ளவிசிங்கும் இருந்தன. அவற்றுக்கு வடக்கே, மலைகளுக்கு நடுவே ப்ரகெய்னியோக் இருந்தது.

பிறகு ஒரு பெரிய தாளையும் மூன்று நிறப் பேனாக்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். அரசன் வாழ்ந்த காலத்திலேயே எழுந்த சான்று, அதாவது கல்வெட்டு, நாணயம், அவனை நேரில் அறிந்தவர் எழுதிய நூல் ஆகியவற்றால் உறுதிப்படும் பெயரைக் கறுப்பில் எழுதுங்கள். 9, 10ஆம் நூற்றாண்டுகளில் தொகுக்கப்பட்ட பட்டியலிலோ ஆண்டுக்குறிப்பிலோ மட்டும் காணப்படும் பெயர் நீலத்தில் வரட்டும். 1100க்குப் பின் எழுதப்பட்டவை மட்டுமே சொல்லும் பெயரையும் உறவையும் சிவப்பில் குறியுங்கள். இந்த எளிய ஒழுங்கு பிற்பாடு பல மணி நேரக் குழப்பத்தைத் தவிர்க்கும்.

இரண்டாம் படி: பெயரைப் படிக்கும் முறை

வேல்ஸ் மொழியில் அப் ‘மகன்’ என்பதையும், வெர்க் ‘மகள்’ என்பதையும் குறிக்கும். ரொட்ரி அப் மெர்வின் என்றால் மெர்வினின் மகன் ரொட்ரி. பழைய சுவடிகளில் இது ‘மாப்’ என்றும் ‘மெர்க்’ என்றும் முழுமையாக வரும். பெயருக்குப் பின் வரும் அடைமொழி ஆளை அடையாளம் காட்டும்: மவுர் என்றால் பெரியவன், தா என்றால் நல்லவன், வ்ரிக் என்றால் முகத்தில் புள்ளிகள் உடையவன், வொயல் என்றால் வழுக்கைத் தலையன். ஒரே பெயர் தலைமுறைதோறும் திரும்ப வருவதால், அடைமொழியையும் தந்தை பெயரையும் சேர்க்காமல் எந்தப் பெயரையும் குறித்து வைக்காதீர்கள்.

எழுத்துமுறை நூற்றாண்டுக்கு நூற்றாண்டு மாறியது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பழைய எழுத்தர்கள் சொல்லின் நடுவில் ‘வ’ ஒலி வரும் இடத்தில் ‘ம்’ என்றும், ‘ட’ மெலிந்து ஒலிக்கும் இடத்தில் வல்லெழுத்தும் இட்டார்கள். எனவே இன்று கட்வன் என்று படிக்கப்படும் அரசன், 10ஆம் நூற்றாண்டுப் பட்டியலில் கட்மன் என்றும், 7ஆம் நூற்றாண்டு இலத்தீன் கல்வெட்டில் கட்டமானுஸ் என்றும் தோன்றுகிறான். அந்தக் கல் ஆங்கிள்சியில் லங்கட்வலடர் தேவாலயத்தின் சுவரில் இன்றும் பதிந்திருக்கிறது. அரசர் அனைவரிலும் மிகுந்த அறிவும் புகழும் வாய்ந்தவன் என்று அவனைப் போற்றுகிறது. குவினெத் வழியில் ஐயத்துக்கு இடமின்றிக் கறுப்பு மையில் எழுதத்தக்க முந்தைய பெயர்களில் இது ஒன்று.

மூன்றாம் படி: ஒவைனிடமிருந்து தொடங்குங்கள்

லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள ஹார்லி 3859 என்னும் சுவடியில், சுமார் 1100இல் படியெடுக்கப்பட்ட சில பக்கங்களில், நமக்குக் கிடைத்தவற்றுள் மிக முக்கியமான கொடிவழித் தொகுப்பு இருக்கிறது. படி 1100ஆம் ஆண்டளவினதாக இருந்தாலும், தொகுப்பு 10ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உருவானது என்பதை அதன் முதல் பெயரே காட்டிக்கொடுக்கிறது. அந்தப் பெயர் ஒவைன். 950இல் இறந்த டெஹைபார்த் அரசன் ஹவெல் தாவின் மகன். அவன் 988 வரை வாழ்ந்தான். தொகுப்பின் முதல் பட்டியல் அவனுடைய தந்தை வழி, இரண்டாம் பட்டியல் அவனுடைய தாய் வழி. ஆகவே இது ஒவைனின் அரசவைக்காக, அவனுடைய இருபுற உரிமையையும் காட்டுவதற்காகச் செய்யப்பட்டது என்று கொள்வதே பொருத்தம்.

முதல் பட்டியலை மெல்ல நடந்து பாருங்கள். ஒவைன், அவன் தந்தை ஹவெல், அவன் தந்தை கடெல், அவன் தந்தை ரொட்ரி மவுர், அவன் தந்தை மெர்வின். இதுவரை எல்லாம் ஆண் வழி. அடுத்த பெயர் எத்தில். அவள் கனனின் மகள் என்று பட்டியல் சொல்கிறது. பிற்காலத்தார் எசில்ட் என்று அழைத்தது இவளைத்தான். அவளுக்குப் பின் கனன், ரொட்ரி, இட்வல், கட்வலடர், கட்வல்லோன், கட்வன், யாகோ, பெலி, ரூன், மைல்குன் என்று வழி மீண்டும் ஆண்களிடமே செல்கிறது; மைல்குனின் கொள்ளுப்பாட்டனாகக் குனெதா வருகிறான்.

எத்தில் நிற்கும் அந்த ஒரு படியில்தான் உண்மையான வரலாறு ஒளிந்திருக்கிறது. மெர்வின் 825 அளவில் குவினெத்தைக் கைப்பற்றியவன். அவனுடைய தந்தை குரியாட் பழைய அரச குடும்பத்தைச் சேர்ந்தவன் அல்ல. வேல்ஸ் சட்ட நூல்களின்படி நிலம் பொதுவாக ஆண் வழியிலேயே சென்றது. அப்படியிருந்தும் ஒரு பட்டியல் தந்தையை விட்டுத் தாயைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது என்றால், அங்கே ஆட்சி ஒரு குடும்பத்திலிருந்து இன்னொரு குடும்பத்துக்குக் கைமாறியது என்றும், புதிய குடும்பம் பழைய குடும்பத்தோடு தன்னை இணைத்துக் காட்ட விரும்பியது என்றும் பொருள். பட்டியலில் பெண் பெயர் வரும் இடத்தில் எப்போதும் நின்று கவனியுங்கள் என்பதே நான் புதியவர்களுக்குச் சொல்லும் முதல் விதி.

இரண்டாம் பட்டியல் இதை உறுதிசெய்கிறது. ஒவைனின் தாய் எலென். அவள் டவெட் அரசன் ல்லவார்க்கின் மகள். ல்லவார்க்கின் தந்தை ஹவைத். ஹவைத்தின் தாய் டங்குவிஸ்ல். இரு பெண்கள், இரு கைமாற்றங்கள். ல்லவார்க் 904இல் இறந்ததையும், அடுத்த ஆண்டு ரொட்ரி என்பவனின் தலை வெட்டப்பட்டதையும் ஆண்டுக்குறிப்புகள் பதிவுசெய்கின்றன. அதன் பிறகு டவெட் ஹவெலின் கைக்கு வந்தது. எலெனின் திருமணம் அந்த மாற்றத்துக்குக் காரணமா, அல்லது வாளால் நடந்ததற்குப் பின்னால் சொல்லப்பட்ட நியாயமா என்பதைப் பட்டியல் மட்டும் தீர்த்துவிடாது. என் எண்ணத்தில் பின்னதற்கே வாய்ப்பு அதிகம்.

நான்காம் படி: ஆண்டுகளைப் பொருத்துதல்

அதே ஹார்லி சுவடியில் 954 வரை செய்திகள் உள்ள இலத்தீன் ஆண்டுக்குறிப்புகளும் இருக்கின்றன. கொடிவழியில் நீங்கள் எழுதிய ஒவ்வொரு பெயரையும் அவற்றோடு ஒப்பிட்டு, இறந்த ஆண்டைப் பக்கத்தில் குறியுங்கள்: மைல்குன் 547, யாகோ 613, கனனின் தந்தை ரொட்ரி 754, கனன் 816, மெர்வின் 844. இந்த ஆண்டுகள் ஓரிரண்டு முன்பின் ஆகலாம். பழைய பதிவுகள் மேலும் தளர்வானவை.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தலைமுறைக்கு 25 முதல் 33 ஆண்டு என்பது வழக்கமான அளவு. மைல்குனுக்கும், 634இல் நார்தம்பிரியப் படையால் கொல்லப்பட்ட கட்வல்லோனுக்கும் இடையே ஐந்து படிகள், ஆண்டுகளோ 87. அதாவது படிக்கு 17 ஆண்டுதான் வருகிறது. கட்வல்லோன் போரில் இறந்தவன் என்பதால் இது நடக்கவே முடியாததன்று. ஆனாலும் மிக நெருக்கமானது. மறுபுறம், ரொட்ரி இறந்து 62 ஆண்டு கழித்துத்தான் அவன் மகனாகச் சொல்லப்படும் கனன் இறக்கிறான். அதுவும் தன் கடைசி ஆண்டுகளில் ஆங்கிள்சிக்காகப் போரிட்டுக்கொண்டிருந்தவன். இடையில் ஒரு பெயர் விடுபட்டிருக்கலாம். இத்தகைய இடங்களில் கேள்விக்குறி இடுங்கள், அடித்து விடாதீர்கள்.

குனெதாவின் கதையையும் இதே அளவுகோலால் அளக்கலாம். 829-830இல், மெர்வினின் நான்காம் ஆட்சியாண்டில் குவினெத்தில் எழுதப்பட்ட ‘பிரித்தானியர் வரலாறு’ என்னும் இலத்தீன் நூல், குனெதா தன் எட்டு மகன்களோடு வடக்கிலிருந்து, இன்றைய ஸ்காட்லாந்தின் ஃபோர்த் கழிமுகத்தை ஒட்டிய நாட்டிலிருந்து வந்து, அயர்லாந்துக்காரரை விரட்டினான் என்றும், இது மைல்குன் ஆள்வதற்கு 146 ஆண்டுக்கு முன் நடந்தது என்றும் சொல்கிறது. கொடிவழியிலோ குனெதாவிலிருந்து மைல்குனுக்கு மூன்றே படிகள். படிக்கு 49 ஆண்டு. இரண்டும் ஒருங்கே உண்மையாக இருக்க முடியாது. மேலும், குனெதாவின் வழிவந்தோர் பெயர்களைப் பாருங்கள்: கெரெடிகிலிருந்து கெரெடிகியோன், ருவோனிலிருந்து ருவோனியோக், எடெர்னிலிருந்து எடெய்ர்னியோன், பேரன் மெய்ரியோனிலிருந்து மெய்ரியோனித். நாடுகளின் பெயர்களுக்கெல்லாம் ஒரு மகன் அல்லது பேரன் கிடைத்துவிடுகிறான். அந்த நிலங்கள் அனைத்தும் ஒரு குடும்பத்தின் சொத்து, அந்தக் குடும்பத்தின் மூத்த கிளை குவினெத் என்று சொல்வதற்கு இதைவிட நல்ல வழி 9ஆம் நூற்றாண்டில் இருந்திருக்காது. வெளியிலிருந்து வந்து அரசனான மெர்வினுக்கு, வெளியிலிருந்து வந்து அரசமரபை நிறுவிய குனெதாவின் கதை எவ்வளவு ஏற்றதாக இருந்திருக்கும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

ஐந்தாம் படி: ஒரே குடும்பத்துக்கு இரண்டு பட்டியல்

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி இதுதான். டவெட் அரச குடும்பத்தின் வழி ஹார்லி சுவடியில் ஒரு விதமாகவும், அயர்லாந்திலிருந்து டவெட்டில் குடியேறியதாகச் சொல்லப்படும் டேசி குலத்தாரைப் பற்றி அயர்லாந்தில் எழுதப்பட்ட வெளியேற்றக் கதையில் இன்னொரு விதமாகவும் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்த நெடுவரிசைகளில் எழுதுங்கள். நடுப்பகுதி கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருப்பதைக் காண்பீர்கள்: வேல்ஸ் பட்டியலில் குவொர்தெபிர், அவன் தந்தை ஐர்கோல், அவன் தந்தை த்ரிஃபுன் என்று வரும் இடத்தில், அயர்லாந்துப் பட்டியலில் கார்த்பூர், அல்கோல், த்ரெஸ்தின் என்று வருகிறது. கடலின் இரு கரைகளிலும் தனித்தனியே காக்கப்பட்ட பெயர்கள் இப்படிப் பொருந்துவது அந்தப் பகுதிக்கு நல்ல வலு சேர்க்கிறது. 6ஆம் நூற்றாண்டில் கில்டாஸ் என்னும் துறவி, தம் காலத்து ஐந்து அரசர்களைக் கடிந்து எழுதியபோது, டவெட்டின் நரைத்த கொடுங்கோலனாக வோர்டிபோரைக் குறிப்பிடுகிறார். அவன்தான் இந்தக் குவொர்தெபிர்.

ஆனால் உச்சிக்குப் போனதும் இரண்டு பட்டியலும் பிரிந்துவிடுகின்றன. அயர்லாந்துப் பட்டியல் ஏயோகத் என்னும் தங்கள் நாட்டுத் தலைவனிடம் முடிகிறது. வேல்ஸ் பட்டியலோ நிமெத், டிமெத், 4ஆம் நூற்றாண்டு ரோமப் பேரரசன் மாக்சிமஸ் எனச் சென்று மாமன்னர் கான்ஸ்டன்டைனையும் அவருடைய தாய் ஹெலெனையும் அடைகிறது. டிமெத் என்பது டவெட் என்னும் நாட்டுப் பெயரின் பழைய வடிவம். அவனை ஓர் ஆளாக எண்ண வேண்டியதில்லை. மாக்சிமஸுக்கு மேலே ப்ரொதெக், ப்ரொதெக்தோர் என்று இரு முன்னோர் வருகிறார்கள். ப்ரொதெக்தோர் என்பது ரோமப் பட்டம், காவலன் என்று பொருள். டவெட்டில் காஸ்டெல்ட்வைரனில் கிடைத்து, இப்போது கார்மார்தன் அருங்காட்சியகத்தில் உள்ள கல்லில், வோதெபோரிக்ஸ் என்பவனின் பெயரோடு இதே பட்டம் இலத்தீனில் வெட்டப்பட்டிருக்கிறது. அயர்லாந்தின் ஓகம் எழுத்திலும் அவன் பெயர் அதே கல்லில் இருக்கிறது. அவனும் கில்டாஸ் சொன்ன வோர்டிபோரும் ஒருவனே என்று அவசரப்பட்டு முடிவுசெய்ய வேண்டாம். ஆனால் அந்தக் குடும்பச் சூழலில் பழைய பட்டமொன்று நினைவில் தங்கி, பொருள் மறந்தபின் ஒரு முன்னோரின் பெயராகிப் பட்டியலில் ஏறியிருக்கிறது என்பது கண்முன் தெரிகிறது.

பொவிஸ் வழியிலும் இதே போன்ற பிளவு உண்டு. லங்கொல்லெனுக்கு அருகே நிற்கும் எலிசெக் தூணை எழுப்பியவன், 854-855இல் ரோமாபுரியில் இறந்த பொவிஸ் அரசன் கங்கென். தன் கொள்ளுப்பாட்டன் எலிசெக் ஆங்கிலேயரிடமிருந்து பொவிஸ் நிலத்தை மீட்டான் என்று அவன் எழுதச் செய்தான். கங்கென், கடெல், ப்ரொக்வைல், எலிசெக், குவொய்ல்லாவுக் என்னும் ஐந்து பெயரில் கங்கெனைக் கறுப்பிலும், அவன் கல்வெட்டு பின்னோக்கிச் சொல்லும் மற்ற நான்கையும் நீலத்திலும் எழுதுங்கள். எழுத்துகள் இன்று தேய்ந்து மறைந்துவிட்டன. 1696இல் எட்வர்ட் லுய்ட் படியெடுத்து வைத்ததால்தான் நமக்கு அது வாசிக்கக் கிடைக்கிறது. அக்கல்வெட்டின்படி, பொவிஸ் மரபின் மூலவன், 5ஆம் நூற்றாண்டுப் பிரித்தானிய ஆட்சியாளன் வோர்டிகெர்னுக்கும் மாக்சிமஸின் மகள் செவிராவுக்கும் பிறந்த ப்ரிட்டு. புனித ஜெர்மானுஸ் அவனுக்கு ஆசி வழங்கினார். அதே தலைமுறையில் குவினெத்தில் எழுதப்பட்ட அந்தப் பிரித்தானியர் வரலாறோ, வோர்டிகெர்னைச் சாக்சன்களை நாட்டுக்குள் அழைத்துவந்த குற்றவாளியாகக் காட்டுகிறது. பொவிஸ் அரசர்கள் ஜெர்மானுஸுக்கு உணவளித்த கடெல் என்னும் ஒரு பணியாளின் வழிவந்தவர்கள் என்கிறது. ஓர் அரசு தன்னைப் பேரரசனின் பேரப்பிள்ளைகள் என்று கல்லில் எழுத, அண்டை அரசு அவர்களை வேலைக்காரனின் வம்சம் என்று ஏட்டில் எழுதுகிறது. இரண்டையும் தாளில் பக்கம் பக்கமாக வையுங்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை விட்டுவிட்டால் 9ஆம் நூற்றாண்டின் பகைமை நம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

ஆறாம் படி: ரொட்ரிக்குப் பின் கிளைகள்

ரொட்ரி மவுர் 844 முதல் 878 வரை ஆண்டு, ஆங்கிலேயரால் கொல்லப்பட்டான். 881 அளவில் கான்வி ஆற்றருகே நடந்த போரை ‘ரொட்ரிக்காகக் கடவுள் வாங்கிய பழி’ என்று ஆண்டுக்குறிப்பு எழுதுகிறது. அவன் பொவிஸைத் தாய் நெஸ்ட் வழியாகவும், செய்சில்லுக்கை மனைவி அங்கராட் வழியாகவும் பெற்றான் என்பது பிற்காலப் பட்டியல்கள் தரும் செய்தி, சிவப்பில் எழுதுங்கள். தன் நாட்டை மூன்றாகப் பிரித்து மூன்று மகன்களுக்குக் கொடுத்தான் என்பதும் 12ஆம் நூற்றாண்டில் தெளிவு பெறும் கதையே.

உறுதியாகத் தெரிவது இதுதான்: மகன் அனராவுட் (இறப்பு 916) வழி குவினெத்திலும், மகன் கடெல் வழி தெற்கிலும் வேரூன்றின. அனராவுடின் மகன் இட்வல் வொயல் 942இல் ஆங்கிலேயரால் கொல்லப்பட்டபோது, கடெலின் மகன் ஹவெல் வடக்கையும் எடுத்துக்கொண்டான். 950இல் ஹவெல் இறந்ததும் இட்வலின் மகன்கள் வடக்கை மீட்டார்கள். சட்ட நூல்கள் உடன்பிறந்தோர் அனைவருக்கும் நிலத்தில் பங்கு சொல்கின்றன. தந்தை ஏற்றுக்கொண்டால், திருமணத்துக்குப் புறம்பாகப் பிறந்த மகனுக்கும் பங்குண்டு. ஆகவே ஒவ்வோர் இறப்பும் பல உரிமையாளர்களை எழுப்பியது. உங்கள் தாளில் மூத்த மகனை மட்டும் எழுதினால் இந்தப் போர்கள் புரியாது. தம்பிகளையும் சிற்றப்பன் மக்களையும் கட்டாயம் எழுதுங்கள்.

10ஆம் நூற்றாண்டின் முடிவில் மீண்டும் ஒரு பெண் பெயரிடம் நிற்க வேண்டும். ஒவைனின் மகன் மரெடித் 999இல் இறந்தான். அவன் மகள் அங்கராடை மணந்த லவெலின் அப் செய்சில் குவினெத் அரசனானான். அவர்களுடைய மகன் கிரிஃபித் வேல்ஸ் முழுவதையும் தன் கீழ்க் கொண்டுவந்து 1063இல் கொல்லப்பட்டான். அங்கராடின் இன்னொரு மணத்தில் பிறந்த ப்ளெதின் அப் கன்வினிடமிருந்து பிற்காலப் பொவிஸ் மரபு கிளைத்தது.

ஏழாம் படி: எச்சரிக்கைகளும் அடுத்த பயிற்சியும்

இரண்டு மூலங்களிடம் மிகுந்த கவனம் தேவை. 12ஆம் நூற்றாண்டில் மொன்மவுத் ஜெஃப்ரி எழுதிய அரசர் கதை, கட்வலடரைப் பிரித்தானியரின் கடைசிப் பேரரசனாக உயர்த்தியது. அதன் சாயல் பிந்தைய பட்டியல்கள் பலவற்றில் படிந்திருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் யோலோ மொர்கனுக் தாமே புனைந்த ஆவணங்களைப் பழைய சுவடிகள் என்று வெளியிட்டார். தென்கிழக்கு அரசர்களைப் பற்றி இணையத்தில் காணும் வியப்பான விவரங்களில் பலவற்றுக்கு அவரே ஊற்று. ஒரு செய்தி அவரிடம் மட்டுமே இருந்தால், தாளில் எந்த நிறத்திலும் எழுத வேண்டாம்.

குவினெத்தும் டவெட்டும் கைவந்த பிறகு க்ளவிசிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். தனியே செய்து பார்க்க அது ஏற்ற அளவு உடையது. ஆல்ஃபிரட் மன்னரின் அவையில் இருந்த டவெட் நாட்டுத் துறவி ஆசர், 893இல் எழுதியபோது, 880களின் தெற்கு அரசர்களை வரிசையாகச் சொல்கிறார்: டவெட்டில் ஹவைத், க்ளவிசிங்கில் ரீஸின் மகன் ஹவெல், குவென்ட்டில் மெய்ரிக்கின் மக்கள் ப்ரொக்வைலும் ஃபெர்ன்வைலும், ப்ரகெய்னியோக்கில் டெவ்டரின் மகன் எலிசெத். ரொட்ரியின் மக்களுக்கோ மெர்சியருக்கோ அஞ்சி இவர்கள் ஆல்ஃபிரடின் பாதுகாப்பை நாடினார்கள் என்கிறார் அவர். லான்ட்விட் மேஜர் தேவாலயத்தில் நிற்கும் சிலுவைக் கல்லில், தன் தந்தை ரெஸின் ஆன்மாவுக்காக ஹவெல்ட் இதைச் செய்வித்தான் என்று இலத்தீனில் எழுதியிருக்கிறது. ஆசர் சொன்ன தந்தையும் மகனும் அந்தக் கல்லில் இருப்பவர்களும் ஒருவரே என்று பலரும் கருதுகிறார்கள். அந்த இரு பெயரையும் கறுப்பில் எழுதி, ஆக்ஸ்போர்டு ஜீசஸ் கல்லூரியின் 20ஆம் எண் சுவடியில் உள்ள தென்கிழக்குப் பட்டியல்களைத் திறந்து, ரீஸின் தந்தையிடமிருந்து மேலே ஏறத் தொடங்குங்கள்.